தாசில்தாரிடமே திரும்பிய மனு

காக்கிச் சட்டைக்கு முன்னால் – 5ஆம் வாரம்

தொடரை நாலு வாரம் எழுதிய பிறகுதான் இது எனக்கு நடந்தது. முதல் வாரமே நடந்திருந்தால் தொடரை இங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன்.

தண்டலத்தில் எங்கள் தெருவில் ஒரு தம்பி அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ரெண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் பைக்கில் வந்தவனைப் போலீஸ்காரர்கள் நிறுத்தி, வண்டிச் சாவியைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கன்னத்தில் ஒரு அறை. போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அலையவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் படித்த பிள்ளை. ஒரு முழுத்தாளில் நடந்ததை எழுதி, மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான். ஒப்புகை அட்டை வந்தது. பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. அறைந்தவரின் அதே குரல்.

"எம்மேலயே மேல மனு போட்டிருக்கியா? உன் மனு இப்ப என் கையிலதான் இருக்கு. வந்து வாபஸ் எழுதிக் குடுத்துட்டுப் போ."

அன்று ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன், அடித்ததைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணே, நான் யார் மேல எழுதுனேனோ அவர்கிட்டயே அது எப்படிண்ணே போச்சு?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

இந்த வாரம் எழுதவிருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டேன். அவன் கேள்விக்குப் பதில் இருக்கும் இடம் 1854. அங்கேதான் போகப் போகிறோம். அதற்கு முன் இன்றைய சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம். ஏனென்றால் போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கக் கூடாது என்பது இந்த நாட்டில் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட விஷயம்.

உத்தரப் பிரதேசக் காவல்துறையின் தலைவராக முன்பு இருந்த பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளில் ஒன்று, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்பது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். பக்கத்துக் கேரளம் 2011-ல் கொண்டுவந்த போலீஸ் சட்டத்தில் நீதிபதிகளைத்தான் தலைமையில் உட்கார வைத்தது.

தமிழ்நாடு 2013-ல் ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போனவர்களில் ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரும் உண்டு. அந்த வழக்குக்கு இந்தத் தொடர் ஒருநாள் வந்து சேரும். இன்றைக்கு இரண்டு பதவிப் பெயர்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கலெக்டர், எஸ்.பி. இந்த இரண்டு நாற்காலிகளும் முதன்முதலில் எப்படிப் பிரிந்தன என்பதுதான் நம் கதை.

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். 1816-ல் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி மன்றோவின் ஆலோசனைப்படி வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டும் ஆக்கின. அவருக்குக் கீழே தாசில்தார். கிஸ்தி வசூலிப்பவரும் அவர்தான், தாலுகாவின் போலீஸ் தலைவரும் அவர்தான். அவருடைய டவாலிச் சேவகன் காலையில் வரி கேட்டு வருவான். சாயங்காலம் திருட்டுக் கேஸில் ஆள் பிடிக்க வருவான். கிராமத்தில் அவனுக்குக் கை கொடுக்க மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி. செங்கல்பட்டு ஜில்லாவாக இருந்த நம் சீமையிலும் இதே ஏற்பாடுதான். வரி கட்டாதவனைத் தண்டிக்கும் கையும், அந்தத் தண்டனை பற்றிய முறையீட்டை வாங்கும் கையும் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் கை என்னென்ன செய்தது?

நம் அகராதிகளில் 'கிட்டி' என்ற சொல் இருக்கிறது. இரண்டு மரத்துண்டுகளை ஒரு முனையில் பிணைத்து, எலுமிச்சம்பழம் பிழிவது போல இடையில் கையையோ விரலையோ தொடையையோ வைத்து நெருக்கும் கருவி. 'அண்ணாந்தாள்' என்று இன்னொரு சொல். ஆளை வளைத்து, அவன் வேட்டியாலேயே, அல்லது வைக்கோல் பிரியாலும் கயிற்றாலும், கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கட்டிவிடுவது. அப்படியே வெயிலில் நிறுத்தி முதுகில் கல்லை ஏற்றுவார்கள். குனிய வைத்த இரண்டு பேரின் தலைமுடியை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவார்கள். துளைக்கும் வண்டைத் தேங்காய் ஓட்டுக்குள் அடைத்துத் தொப்புள் மேல் கவிழ்த்துக் கட்டுவார்கள். மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள் அடைத்துப் பட்டினி போடுவதும் ஒரு முறை. வீட்டு வாசலில் சேவகனை உட்கார்த்திவிட்டு அவனுக்குத் தினப்படியையும் வீட்டுக்காரனிடமே வாங்குவது இன்னொரு முறை.

இந்தப் பட்டியலை நான் கற்பனையில் எழுதவில்லை. அரசாங்கமே அச்சடித்த அறிக்கையில் இருக்கிறது. 'கிட்டி', 'அண்ணாந்தாள்' இரண்டும் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில எழுத்தில் லண்டனுக்குக் கப்பலேறின. நம் மொழி அந்தத் தேசத்துப் பார்லிமெண்டுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனால் ஒரு சொல் கப்பலேற வேண்டுமென்றால் ஏற்றிவிட ஒருவர் வேண்டுமே.

சென்னப்பட்டணத்தில் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்றொரு வியாபாரி இருந்தார். கும்பினி ஆட்சியைக் கண்டித்து எழுத 'கிரசெண்ட்' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கி, வரிச்சுமை முதலான குறைகளை எழுதி பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். மனு அனுப்பியதோடு நின்றிருந்தால் அதுவும் ஏதோ ஒரு மேஜையில் தூங்கியிருக்கும். 1853-ல் ஹென்றி டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் இந்தியாவுக்கு வந்தபோது, செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப் போய்க் குடியானவர்களின் நிலைமையை நேரில் காட்டினார். காகிதத்தைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். கண்ணால் பார்த்ததை மறப்பது கடினம்.

1854 ஜூலை. லண்டன் காமன்ஸ் சபையில் பிளாக்கெட் என்ற உறுப்பினர் சென்னை மாகாணத்து நிலவரி பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பேச்சு வரியிலிருந்து வரி வாங்கும் முறைக்குப் போனது. சித்திரவதை செய்து வசூலிக்கிறார்கள் என்று சபையிலேயே சொல்லப்பட்டது. கும்பினிக்கு வேண்டியவர்கள் குதித்தார்கள். இத்தனை வருஷம் ஆண்டோம், எங்கள் காதுக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லையே என்றார்கள்.

அவர்கள் காதுக்கு ஏன் வரவில்லை? தண்டலத்துத் தம்பி கேட்ட கேள்விக்கும் இதற்கும் பதில் ஒன்றுதான்.

பேச்சை மூடி மறைக்க முடியவில்லை. விசாரியுங்கள் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அப்போது சென்னைக்குக் கவர்னராக வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஹாரிஸ் பிரபுவின் அரசு மூன்று பேரை ஆணையர்களாக நியமித்தது.

முதலாமவர் எட்வர்ட் பிரான்சிஸ் எலியட். பெசன்ட் நகரில் நாம் காற்று வாங்கப் போகும் எலியட்ஸ் கடற்கரைக்குப் பெயர் தந்தவர். அவர் வகித்த பதவி பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் தலைவர்! இரண்டாமவர் ஹட்டில்ஸ்டன் ஸ்டோக்ஸ், கும்பினியின் சிவில் அதிகாரி. மூன்றாமவர் ஜான் புரூஸ் நார்ட்டன், வழக்கறிஞர். பின்னாளில் சென்னை நீதிமன்றங்களைக் கலக்கிய எர்ட்லி நார்ட்டனின் தகப்பனார். மாகாணத்தின் சீர்கேடுகளைக் கண்டித்து அந்த 1854-லேயே புத்தகம் எழுதியவர்.

மூவரில் ஒருவர் போலீஸ், ஒருவர் வருவாய்த்துறை ஆள், ஒருவர்தான் வெளியாள். போலீஸையும் வருவாய்த்துறையையும் விசாரிக்க அமைத்த ஆணையம் இது. மூவருமே வெள்ளைக்காரர்கள். அடி வாங்கியவர்களின் சார்பில் உட்கார ஒருவரும் இல்லை. நியமன உத்தரவு வெளியானபோது நான் பட்டணத்தில் வாழ்ந்திருந்தால் இதிலிருந்து எதுவும் வராது என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

மாவட்டந்தோறும் அறிவிப்பு போனது. முறையீடு உள்ளவர்கள் ஆணையத்திடம் சொல்லலாம். கலெக்டர்களுக்கும் நீதிபதிகளுக்கும் பாதிரிமார்களுக்கும் கேள்விக் கடிதங்கள் போயின. முறையீடு வாங்க ஆணையம் ஒதுக்கியது மூன்றே மாதம். தீர்ப்புச் சொல்லவோ நஷ்டஈடு வாங்கித் தரவோ அதற்கு அதிகாரம் கிடையாது. அறிவிப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய ஆட்கள் அதே தாசில்தாரின் ஆட்கள். ரயில் இன்னும் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கிஸ்தி கட்டக் காசில்லாத குடியானவன், வேலையை விட்டுவிட்டு, கட்டுச்சோற்றோடு, பல நாள் நடந்து பட்டணம் வந்து, வெள்ளைக்காரத் துரைகள் முன்னால் தன் தாசில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதே தாசில்தாரின் தாலுகாவுக்குத் திரும்பிப் போகவும் வேண்டும்.

யார் வருவார்கள்?

வந்தார்கள்.

519 பேர் நேரில் வந்தார்கள். கடிதமாக வந்தவை 1,440. ஆக மூன்று மாதத்தில் 1,959 முறையீடுகள்.

மேற்கேயிருந்து பட்டணத்துக்கு வரும் பெருவழி அன்றும் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் நடந்தவர்கள் நம் ஏரிக்கரையில் இளைப்பாறித்தான் போயிருக்க வேண்டும். இன்று கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடும் இந்தச் சாலையில் நிற்கும்போதெல்லாம் அந்த 519 பேரை நினைத்துக்கொள்கிறேன். இங்கிருந்து பட்டணம் ஒரு நாள் நடை. கடைசி நாள் நடை என்பதால் கால் மிகவும் வலித்திருக்கும்.

அவர்கள் சொன்னவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரு குடியானவர் சொன்னது: பிசானமும் புஞ்சையும் பொய்த்துப்போன வருஷம். நெல் சாகுபடியைக் குறிக்கும் பிசானம் என்ற சொல்லே அவர் ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. அது பொருநைக் கரைப் பேச்சு. ஜமாபந்தியின்போது, 1837-ல் செய்த ஒப்பந்தப்படி வரியில் தள்ளுபடி கேட்டார்கள். கிடைக்கவில்லை. அப்படியானால் பட்டா வாங்க மாட்டோம் என்று மறுத்தார்கள். தாசில்தார் நெருக்கத் தொடங்கினார். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்று மாதம். சுடு மணலில் வெயிலில் நிறுத்தி, குனிய வைத்து, முதுகில் கல் ஏற்றினார்கள். சோறு தின்ன மட்டும் விட்டார்கள். இதற்கு நடுவே கலெக்டரிடம் மனுவோடு போனார்கள். கலெக்டர் வாங்க மறுத்தார். அதே மனுக்களை எடுத்துக்கொண்டு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு வாங்கிக்கொண்டது. வாங்கி, கலெக்டருக்கே அனுப்பி வைத்தது. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. இருபத்தைந்து நாளில் சொத்தை ஜப்தி செய்து விற்றார்கள். வீட்டுப் பெண்களையும் விடவில்லை. அவர்கள் மார்பில் கிட்டி வைத்தார்கள்.

இன்னொருவர் கொள்ளிடக் கரைப் பக்கத்து அந்தணர். கொள்ளிடத்துப் பாலவேலைக்குப் பலகையும் கரியும் விறகும் சும்மா கொடுக்கச் சொல்லி தாசில்தார் பல ஊர்க்காரர்களுக்கு உத்தரவு போட்டார். இவர் மறுத்தார். பன்னிரண்டு பேர் பிடித்து வதைத்தார்கள். சப் கலெக்டரிடம் மனு கொடுத்தார். சப் கலெக்டர் விசாரிக்கவில்லை. மனுவைக் கிழித்துப் போட்டார். அதற்கு அந்தணர் சொன்ன காரணம்: குறைந்த செலவில் பாலத்தை முடித்து அரசாங்கத்திடம் நல்ல பெயர் வாங்க அவருக்கு ஆசை, அதனால் தாசில்தார் கொலையே செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

நூற்றெழுபது வருஷம் கழித்துப் படிக்கும்போதும் அந்தணரின் கூர்மை என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அடித்தவனுக்கும் கேட்க வேண்டியவனுக்கும் ஒரே காரியம் ஆக வேண்டியிருந்தது என்பதை அவர் யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிட்டார்.

1855 ஏப்ரலில் மூவரும் அறிக்கையைக் கொடுத்தார்கள். வரி வசூலுக்காகச் சித்திரவதை மாகாணம் முழுவதும் வழக்கமாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். பார்லிமெண்டில் மறுத்தவர்களின் வாய் அடைந்தது. அதே அறிக்கை, வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிப் பழி முழுவதையும் சுதேசி ஊழியர்கள் தலையில் கட்டியது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழித்துப் போட்ட கை எந்தக் கை? வாங்க மறுத்த கை எந்தக் கை? சாட்சியம் ஆணையர்களின் மேஜை மேலேயே கிடந்தது. வெள்ளைக்காரர் மூவர் உட்கார்ந்து வெள்ளைக்காரரை விடுவித்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றுக்காக அவர்களை நான் மதிக்கிறேன். இவ்வளவு கொடுமைகளையும் கேட்ட பிறகு, தங்கள் மனதை மிகவும் வருத்தியது எது என்று அவர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்னது கிட்டியையோ அண்ணாந்தாளையோ இல்லை. பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைப்பது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைத்தான்.

அதற்குக் காரணத்தையும் விளக்கினார்கள். நேரில் போய்க் கலெக்டரைப் பார்க்கப் பணமும் நாளும் செலவாகும். எழுதி அனுப்பினாலோ, மனுவின் மேல் வழக்கமான ஒரு குறிப்பு ஏறும்: தாசில்தார் விசாரிக்கவும். தானோ தன் சேவகர்களை விட்டோ அடித்த அதே ஆளிடம் மனு திரும்பிப் போகும். தப்பித் தவறிக் குற்றம் நிரூபணமானாலும் மாஜிஸ்திரேட் தரக்கூடிய தண்டனை ஐம்பது ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. பணம் பறித்த ஊழியர் மீதான வழக்கு முதலில் உதவிக் கலெக்டரிடம், பிறகு கலெக்டரிடம், பிறகு ரெவின்யூ போர்டுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். இதற்காக 1822-லும் 1828-லும் தனிச் சட்டங்களே போட்டிருந்தார்கள். அந்தச் சட்டங்களின் கீழ் ஜனங்கள் கொண்டுவந்த ஒரு முறையீட்டையும் தாங்கள் அறியவில்லை என்று ஆணையர்கள் எழுதினார்கள்.

ஒன்றுகூட இல்லை! மூன்று மாதம் கதவைத் திறந்து வைத்த ஓர் ஆணையத்துக்கு 1,959.

அன்று திண்ணையில் இந்தப் பகுதியைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். தாசில்தார் விசாரிக்கவும் என்ற இடம் வந்ததும் தன் பையிலிருந்து ஒப்புகை அட்டையை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டான்.

ஆணையர்கள் சொன்ன மருந்து, வருவாயையும் போலீஸையும் இரண்டாகப் பிரியுங்கள் என்பது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1859-ல் 24ஆம் எண் சட்டம் வந்தது. தாசில்தாரின் கையிலிருந்து போலீஸ் போனது. வில்லியம் ராபின்சன் தலைமையில் ஒரு புதிய படை உருவானது. மாவட்டத்துக்கு ஒரு சூப்பரிண்டெண்ட் வந்தார். இன்றைய எஸ்.பி.யின் நாற்காலி அதுதான். இரண்டு வருஷத்தில் இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கும் அதே அச்சில் 1861-ன் போலீஸ் சட்டம்.

அடிக்கும் கையை வரி வாங்கும் கையிலிருந்து பிரித்தாயிற்று. மனு யாரிடம் போக வேண்டும் என்ற அந்தப் பத்தி? ஆணையர்களின் மனதை மிகவும் வருத்திய அந்தப் பத்தி என்ன ஆயிற்று?

கோட்டையில் யாரும் அதை எடுக்கவில்லை. ஆனால் புதிய சட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, கடலுக்கு அப்பால் ஒருவர் அந்தப் பத்தியில் விரல் வைத்துவிட்டிருந்தார். 1857. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நேரம். இந்தியர்களின் கொடூரம் என்று லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தன. அதே லண்டனில், கடன்காரர்களுக்கு அஞ்சி வாழ்ந்த ஜெர்மானிய அகதி ஒருவர், பார்லிமெண்டுக்காக அச்சிட்ட நம் மாகாணத்துச் சித்திரவதை அறிக்கையைப் பிரித்தார். பிசானம் பொய்த்த குடியானவரைப் படித்தார். மனு கிழிபட்ட அந்தணரைப் படித்தார். பேனாவை எடுத்தார்.

செப்டம்பர் 17 அன்று 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் அந்தக் கட்டுரை தலையங்கமாக வெளிவந்தது. கீழே எழுதியவர் பெயர் இல்லை.

(தொடரும்)